தெட்ஃபர்டு: இறங்கிப் பார்க்கும்படி அங்கே யார் இருந்தார்கள்?

ஒரு வாசகர் கேட்டது: "அடுத்த மாதம் கேம்பிரிட்ஜிலிருந்து நாரிச்சுக்கு ரயிலில் போகிறேன். வழியில் தெட்ஃபர்டு என்று ஒரு சின்ன ஊர் வருகிறது. தாமஸ் பெய்ன் பிறந்த ஊர் என்று படித்திருக்கிறேன். ஆனால் அவர் ஊரை விட்டுப் போனவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை விட்டால் சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இறங்கலாமா, வேண்டாமா?"

மார்ச் 2, இரவு 11.40

இறங்குங்கள். ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே உணவு பாக்கெட் போடும் ஆலையில் வேலை. உங்கள் கேள்வியில் இரண்டு தவறு இருக்கிறது, இரண்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

"திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்பது முதல் தவறு. பெய்ன் 1787இல் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு 50 வயது. அமெரிக்காவின் விடுதலைக்காக எழுதிப் பெயர் வாங்கிவிட்ட மனிதர். அப்பா முந்தின வருடமே போய்விட்டார். அம்மா ஃபிரான்சஸ் தொண்ணூறை நெருங்கியவர். அவரோடு கொஞ்ச நாள் தங்கினார். போகும்போது வாரம் 9 ஷில்லிங் அம்மாவுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பெரிய பணம் இல்லை, ஆனால் வாராவாரம் வரும் பணம். வெளியூரில் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிற யாருக்கும் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, "யாரும் இல்லை" என்பது. பஞ்சாபின் கடைசி மகாராஜா, அவருடைய மகன், பிரிட்டனின் முதல் கறுப்பின மேயர். மூன்று பேரையும் நாளைக்கு எழுதுகிறேன். காலை ஷிஃப்ட்.

மார்ச் 3, பிற்பகல்

வேலை முடிந்து கிங் தெரு வழியாக வந்தேன். வந்தவன் பெய்ன் சிலை முன்னால் கால் மணி நேரம் நின்றேன்.

சிலை கிங்ஸ் ஹவுஸ் வாசலில் இருக்கிறது. ராஜா முதலாம் ஜேம்ஸ் வேட்டைக்கு வந்தால் தங்கிய இடம். ராஜாக்களே வேண்டாம் என்று எழுதியவரை ராஜாவின் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். 1964இல் வைத்தது. சார்லஸ் வீலர் செய்தார், பணம் நியூயார்க்கில் இருந்த பெய்ன் அறக்கட்டளை கொடுத்தது. வெண்கலம், மேலே தங்கப் பூச்சு. இங்கே வெயில் அடிப்பது அபூர்வம், அடித்தால் கண் கூசும்.

வலது கையில் இறகுப் பேனா. இடது கையில் "மனித உரிமைகள்" புத்தகம், தலைகீழாக. எழுத்தைப் படிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் "ஏன் இப்படி?" என்று கேட்கட்டும் என்றே சிற்பி அப்படி வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். இன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பேனா நுனியில் தண்ணீர் திரண்டு, கீழே விழாமல் ரொம்ப நேரம் தொங்கியது. விழுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இந்த ஊர் அவரை எப்படி ஆக்கியது என்று யோசிக்கிறேன். 1737இல் பிறந்தார். அப்பா பெண்களின் கச்சு தைக்கிறவர். திமிங்கல எலும்புப் பட்டைகளைத் துணிக்குள் வைத்துத் தைக்கும் வேலை. பையனும் பள்ளியை விட்டதும் அப்பாவிடமே அந்த வேலைக்குச் சேர்ந்தான். அப்பா குவேக்கர் என்ற தனிக் கிறிஸ்தவப் பிரிவு, அம்மா இங்கிலாந்துத் திருச்சபை. ஒரே வீட்டில் இரண்டு வழிபாடு. இங்குள்ள கிராமர் பள்ளியில் படித்தார், ஆனால் லத்தீன் படிக்கவில்லை. அந்தப் பாடப் புத்தகங்கள் குவேக்கர்களுக்கு ஆகாது. பின்னால் அவர் எழுதிய ஆங்கிலம் தையல்காரனுக்கும் கொல்லனுக்கும் புரிந்தது என்றால் அதற்கு லத்தீன் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எட்டு வயதில், செத்துப்போன காக்கை ஒன்றைப் புதைத்து அதற்குக் கல்லறைப் பாட்டு எழுதினான் என்று ஒரு கதை உண்டு. உயரத்தில் இருந்தாய், இப்போது கீழே கிடக்கிறாய், மற்ற காக்கைகளே பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினவர் இறங்கத்தான் வேண்டும் என்று போகும். பிற்காலத்தில் ராஜாக்களைப் பற்றி அவர் எழுதியதன் விதை அதிலேயே இருக்கிறது.

அப்புறம் ஓட்டு. அன்றைய தெட்ஃபர்டில் சுமார் 2000 பேர். நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்கள். ஓட்டுப் போட உரிமை இருந்தது 31 பேருக்கு. அந்த 31 பேரும் கிராஃப்டன் பிரபு கை காட்டிய ஆளுக்கே போட்டார்கள். இதைப் பார்த்து வளர்ந்த பையன் "மனித உரிமைகள்" எழுதாமல் வேறு என்ன எழுதுவான்? அந்தப் புத்தகம் எங்கெங்கோ போனது. 1847இல் புனேயில் இருபது வயது ஜோதிராவ் புலே அதைப் படித்தார். அவர் அதற்கப்புறம் பள்ளிக்கூடங்கள் திறந்தது உங்களுக்குத் தெரியும்.

மார்ச் 3, இரவு

ஒன்று விட்டுப்போனது. பெய்ன் முதல் தடவை வீட்டை விட்டு ஓடியது கப்பலில் ஏற. "டெரிபிள்" என்ற தனியார் போர்க்கப்பல். அதன் கேப்டனின் பெயர் டெத். பயங்கரம் என்ற கப்பல், மரணம் என்ற கேப்டன்! அப்பா துரத்திப் போய்ப் பேசித் தடுத்துவிட்டார். அந்தக் கப்பலில் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்த அப்பா மட்டும் அன்று தாமதித்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மார்ச் 4

"அப்போது பெய்னுக்கு வயது 16" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். பெய்னே பதினாறு சொச்சம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கப்பல் கிளம்பியது 1756. 1737ஐக் கழித்துப் பாருங்கள், 19. ஐம்பது வயதுக்கு மேல் எழுதும்போது மூன்று வருடம் குறைந்துவிட்டது. என் அப்பாவும் தான் முதலில் வேலைக்குப் போன வயதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். அதற்காக அவர் வேலைக்குப் போகவில்லை என்று ஆகிவிடுமா?

மார்ச் 5, ஞாயிறு

இன்று லீவு. மகாராஜாவைப் பற்றி எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

ஊருக்கு நடுவில் ஆறு பிரிந்து மறுபடி சேருமிடத்தில் பட்டன் தீவு என்று ஒரு சின்னத் திட்டு. பாலம் கடந்தால் குதிரை மேல் தலைப்பாகையோடு ஒருவர். துலீப் சிங். சிலை 1999இல் திறக்கப்பட்டது, அன்றைய இளவரசர் சார்லஸ் வந்து திறந்தார். இந்த ஊருக்கு நான் வந்த முதல் வாரம், மளிகைக் கடையைத் தேடிப் போய் வழி தவறி இந்தச் சிலை முன்னால் போய் நின்றேன். ஆங்கிலேயர் ஊரில் தலைப்பாகை கட்டிய ராஜா என்ன செய்கிறார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை மற்ற எல்லாவற்றுக்கும் இழுத்துப் போனது.

1838இல் லாகூரில் பிறந்தார். ஐந்து வயதில் அரியணை. பத்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி கையெழுத்து வாங்கி நாட்டை எடுத்துக்கொண்டது, கோஹினூர் வைரத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே அம்மா ஜிந்த் கௌரைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டார்கள். பதினான்கு பதினைந்து வயதில் கிறிஸ்தவராக்கி 1854இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். விக்டோரியா ராணிக்கு அந்தப் பையன் மேல் பிரியம். அரண்மனையில் ஓவியர் அவனை வரைந்துகொண்டிருந்தபோது ராணி கோஹினூரைக் கொண்டுவரச் சொல்லி அவன் கையில் கொடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ராணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்த இடத்தில் நான் எப்போதும் படிப்பதை நிறுத்திவிடுவேன்.

அம்மாவை மறுபடி பார்த்தது 1861இல், கல்கத்தாவில். பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜிந்த் கௌருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. பையன் வளர்ந்து, தலைமுடி வெட்டி, வேறு மதம் மாறி நிற்கிறான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து வந்தார். 1863இல் ஜிந்த் கௌர் லண்டனில் இறந்தார். அதே வருடம்தான் இங்கே பக்கத்தில் எல்வெடன் பண்ணையைத் துலீப் சிங் வாங்கினார், 17,000 ஏக்கர்.

பெய்ன் அம்மாவையும் இந்த அம்மாவையும் சேர்த்து வைத்து யோசிக்கிறேன். இரண்டு மகன்களும் கடல் தாண்டிப் போனவர்கள், இரண்டு பேரும் அம்மாவைத் தேடி வந்தவர்கள். ஊருக்குப் போகும்போது என் அம்மா முதலில் என் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் பேச்சு. ஜிந்த் கௌரும் அன்று அப்படித்தான் கையால் தடவித் தெரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்வெடன் மாளிகையை உள்ளே லாகூர் அரண்மனை மாதிரி மாற்றினார். இன்று அது தனியார் சொத்து, உள்ளே போக முடியாது. வேட்டையில் இங்கிலாந்திலேயே பேர் வாங்கினவர். 1876இல் ஒரே நாளில் 780 கௌதாரி. முதலில் படித்தபோது அசந்துபோனேன். பிறகு அந்த எண் என்னை உறுத்த ஆரம்பித்தது. நாடு இல்லை, படை இல்லை, செய்வதற்கு வேலை இல்லை. துப்பாக்கி மட்டும் கையில் இருக்கிறது. அந்த 780ஐப் பெருமையாக எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்வெடன் குடிசைகளைச் சரி செய்தார், தேவாலயத்தையும் பள்ளியையும் புதுப்பித்தார். கெட்ட பண்ணையார் இல்லை. 1886இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஏடனில் தடுத்துவிட்டார்கள். அங்கேயே மறுபடி சீக்கியரானார். அதற்கப்புறம் பஞ்சாபை அவர் பார்க்கவே இல்லை. 1893இல் பாரிஸில் இறந்தார். தெட்ஃபர்டில் அடக்கம்.

மார்ச் 6

திருத்தம். அடக்கம் செய்தது தெட்ஃபர்டில் இல்லை, எல்வெடன் தேவாலயத் தோட்டத்தில். இங்கிருந்து நாலு மைல். பரபரப்பில் தவறாக எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய நண்பர் கூடவே ஒரு குத்தும் குத்தியிருக்கிறார்: "எல்வெடன் சஃபோக் மாவட்டம், தெட்ஃபர்டு நார்ஃபோக். அப்படியானால் துலீப் சிங் உங்கள் ஊர்க்காரரே இல்லை. சிலை வைத்தால் ஊர்க்காரர் ஆகிவிடுவாரா?"

மாவட்ட எல்லை சரி. ஆனால் எல்வெடன்காரர்களுக்கு ரயில் பிடிக்க, சந்தைக்குப் போக, இரும்புச் சாமான் வாங்க இருந்த பக்கத்து ஊர் தெட்ஃபர்டுதான். எங்கள் ஊரில் கிராமத்துக்காரர்களைக் கேட்டால் பக்கத்து டவுன் பேரைத்தான் சொல்வார்கள். அதற்காக யாரும் பட்டா கேட்பதில்லை.

அந்தத் தோட்டத்தில் மூன்று கல்லறைகள். துலீப் சிங், மனைவி பம்பா, மகன் எட்வர்ட். பம்பா கெய்ரோவில் வளர்ந்தவர், அப்பா ஜெர்மானிய வியாபாரி, அம்மா அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) நாட்டுப் பெண். எட்வர்ட் பதின்மூன்று வயதில் இறந்த பிள்ளை, அப்பா போன அதே 1893இல். கற்கள் எளிமையானவை, அரச குடும்பம் என்று கத்திச் சொல்லும் எதுவும் இல்லை. சீக்கியக் குடும்பங்கள் தூரத்திலிருந்து வருகின்றன. போன கோடையில் நான் நின்றபோது ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து போய்க் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பாட்டியிடம் போய் இது சஃபோக்கா நார்ஃபோக்கா என்று கேளுங்கள்.

மார்ச் 6, இரவு

கோபமாக எழுதிவிட்டேன். இருந்தாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. யாரை ஊர்க்காரர் என்பது?

துலீப் சிங்கின் மகனிடம் வந்தால் அந்தச் சந்தேகமே எழாது. இளவரசர் ஃபிரெடரிக் துலீப் சிங், 1868இல் பிறந்தவர். பஞ்சாபை ஆளக் கிடைக்காத வம்சத்தில் பிறந்து நார்ஃபோக்கின் பழம்பொருள்களுக்காக வாழ்ந்துவிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பழைய தேவாலயங்களைப் பார்ப்பார், இடிந்து போகாமல் காப்பாற்றப் போராடுவார், பெரிய வீடுகளில் தொங்கும் ஓவியங்களில் இருப்பது யார் யார் என்று குறித்துக்கொள்வார். முதல் உலகப் போரில் நார்ஃபோக் குதிரைப்படையில் இருந்தார்.

ஒயிட் ஹார்ட் தெருவில் 1490 வாக்கில் கட்டிய மரவீடு ஒன்று இருந்தது. அதை 1921இல் தெட்ஃபர்டு மக்களுக்கே கொடுத்தார், அருங்காட்சியகமாக வைத்துக்கொள்ளச் சொல்லி. 1924இல் திறந்தார்கள். இன்றும் அதுதான் ஊரின் அருங்காட்சியகம், பேர் ஏன்ஷென்ட் ஹவுஸ். உள்ளே போனதும் தலைக்கு மேலே பாருங்கள். கூரை உத்தரங்கள் கறுத்த ஓக் மரம், ஓரமெல்லாம் செதுக்கு வேலை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தச்சர் இழைத்த சுருள் இலை இன்னும் கூர்மையாக இருக்கிறது. தன் வீடு கைவிட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை, வேறு யாரோ கட்டிய வீடு இடிந்துவிடக் கூடாது என்று வாங்கிக் கொடுத்தார். இவரை விடப் பெரிய ஊர்க்காரர் எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பதற்கு ஒன்று. இவர் ராஜாக்களின் பக்கம். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டவைத்த கிராம்வெல்லின் படத்தைத் தன் வீட்டுக் கழிப்பறையில் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார் என்று சொல்வார்கள். கிங் தெருவில் தலைகீழ்ப் புத்தகம், இவர் வீட்டில் தலைகீழ்ப் படம். பெய்னும் இவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அடிதடிதான்.

மார்ச் 8

டாக்டர் மின்ஸ். இது என் மகளின் பாடம்.

போன வருடம் பள்ளியில் "நம் ஊர் மனிதர்" என்று எழுதச் சொன்னார்கள். பெய்னைப் பற்றி எழுது என்றேன். "எல்லாரும் அவரைத்தான்பா எழுதுவாங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே ஒரு பெயரைக் கொண்டுவந்தாள்: ஆலன் கிளேசர் மின்ஸ். எனக்கு அதுவரை தெரியாது. எட்டு வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டுத் தெரியாமல் இருந்தேன்.

பஹாமாஸ் தீவுகளில் இனாகுவா என்ற இடத்தில் 1858இல் பிறந்தவர். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் படித்து டாக்டரானார். அண்ணன் பெம்ப்ரோக் மின்ஸ் ஏற்கெனவே தெட்ஃபர்டில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் இவரும் இங்கே வந்தார். 1903இல் நகர மன்றத்தில் உறுப்பினர். 1904இல் மேயர். பிரிட்டனில் கறுப்பினத்தவர் ஒருவர் மேயரானது அதுதான் முதல் தடவை. மறு வருடமும் அவரையே மேயராக்கினார்கள்.

லண்டன் பேட்டர்சியில் ஜான் ஆர்ச்சர் மேயரானது 1913. ரொம்ப நாள் அவரைத்தான் முதல் கறுப்பின மேயர் என்று எல்லாரும் சொல்லிவந்தார்கள். ஒன்பது வருடம் முன்னாலேயே ஒரு சின்ன நார்ஃபோக் ஊர் அதைச் செய்து முடித்துவிட்டது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

மகள் கட்டுரையில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. "அவர் டாக்டர் என்பதால் எல்லார் வீட்டுக்குள்ளும் போயிருப்பார், அதனால் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருக்கும்" என்று எழுதியிருந்தாள். சரியாகத்தான் படுகிறது. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டுகிற முகத்தை யார் மறப்பார்கள்?

அவர் மகன் ஆலன் நோயல் மின்ஸ் இங்கே தெட்ஃபர்டில் பிறந்தவர். அவரும் டாக்டர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் படையில் அதிகாரி, வீரத்துக்காக இரண்டு பதக்கம். கறுப்பினத்தவர் அதிகாரி ஆவதே அன்று அபூர்வம். போர் முடிந்து கொஞ்ச காலத்தில் விபத்தில் இறந்துபோனார், 1921இல்.

மார்ச் 9

"கல்லறைகளைப் பார்க்கப் பிடிக்கும், தெட்ஃபர்டில் வேறு யார் கல்லறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யோசித்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. இந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் இங்கே தங்குவதே இல்லை.

ரோஜர் பிகாட் என்ற நார்மன் பிரபு. 1103 வாக்கில் இங்கே பெரிய மடம் ஒன்றைத் தொடங்கினார், தன்னை அங்கேயே புதைக்க வேண்டும் என்று. 1107இல் இறந்ததும் நாரிச் பிஷப் ராத்திரியோடு ராத்திரியாக உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மடத்துத் துறவிகள் கேட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

எட்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஹென்றி ஃபிட்ஸ்ராய். 1536இல் பதினேழு வயதில் இறந்தான். சத்தமில்லாமல் அடக்கம் செய்யச் சொன்னார் ராஜா. வைக்கோல் போட்டு மூடி வண்டியில் இதே மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகனை மரியாதையாக அனுப்பவில்லை என்று பிறகு ராஜாவே கோபப்பட்டாராம். நாலு வருடத்தில் அதே ராஜா மடங்களை மூட, பையனின் கல்லறை ஃபிராம்லிங்ஹாமுக்குப் போனது.

பெய்ன் நியூயார்க்கில் 1809இல் இறந்தார். சவ அடக்கத்துக்கு ஐந்தாறு பேர்தான் வந்தார்களாம். பத்து வருடம் கழித்து வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார், பெரிய நினைவிடம் கட்டுவதாக. கட்டவில்லை. எலும்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

1979இல் இங்குள்ள கேலோஸ் ஹில் என்ற இடத்தில் ஒருவர் உலோகம் தேடும் கருவியோடு போய் ரோமானியர் காலப் புதையல் எடுத்தார். 22 தங்க மோதிரம், ஏராளமான வெள்ளிக் கரண்டிகள். அதுவும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

மடத்தின் இடிபாடுகள் மட்டும் இங்கேயே இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கருங்கல் மாதிரி இருக்கும், ஆனால் இந்தப் பக்கத்துச் சிக்கிமுக்கிக் கல். மழை நின்றதும் பாருங்கள், கண்ணாடி மாதிரி மின்னும்.

மார்ச் 10

"ஆண்கள் பட்டியலாகவே போகிறது" என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். நியாயம்.

சோஃபியா துலீப் சிங், மகாராஜாவின் கடைசி மகள்களில் ஒருவர், 1876இல் பிறந்தவர். எல்வெடனில் ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை. பெண்களின் ஓட்டுரிமைக்காக 1910 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போன கூட்டத்தில், போராட்டத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்டோடு முன்வரிசையில் இருந்தார். அன்று போலீஸ் பெண்களை அடித்த அடியை இன்றும் கறுப்பு வெள்ளி என்கிறார்கள். ஓட்டு இல்லையென்றால் வரியும் இல்லை என்று மறுத்தார். அவருடைய வைர மோதிரத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தது ஓட்டுரிமைப் போராட்டத் தோழி, எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார். அப்பாவின் கையிலிருந்து போன வைரம் திரும்ப வரவில்லை, மகளுடையது வந்தது.

அக்கா கேத்தரினும் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியில் காசெல் நகரில் வாழ்ந்தார், பின்னால் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்களுக்கு இங்கிலாந்தில் இடம் கொடுத்தார்.

ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட பூடிக்கா ராணியின் அரண்மனை இங்கேதான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் ஆசை. கேலோஸ் ஹில்லில் 1980 தொடங்கித் தோண்டியபோது பெரிய வளாகம் ஒன்றும் அதைச் சுற்றி வரிசை வரிசையாக மரக்கம்பங்கள் நட்ட தடமும் கிடைத்தன. பூடிக்காவின் ஐசினி இன மக்களின் சடங்கு இடமாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் அங்கே வந்து நின்றிருக்கலாம். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, கொஞ்சம் கழித்து

மூன்றாவது சிலையைச் சொல்லவில்லையே. ஆற்றங்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கேப்டன் மெயின்வாரிங். இவர் நிஜ மனிதரே இல்லை. பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடரில் வரும் பாத்திரம். வெளிப்புறக் காட்சிகளை இங்கே எடுத்ததால் 2010இல் சிலை வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை நிற்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. படம் எடுத்துக்கொண்டவர்கள் நாலு எட்டு வைத்தால் துலீப் சிங்கிடம் போய்விடலாம்.

மார்ச் 12

ஆலையில் என் பக்கத்து மேடையில் நிற்பவர் போர்ச்சுகல்காரர். இந்த ஊரில் அவர்கள் நிறைய. அவரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். "பர்ரெல் பற்றி எழுதினாயா?" என்றார். எழுதவில்லை. அவர் மகன் எஞ்சின் பைத்தியம், வாராவாரம் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போவானாம்.

சார்லஸ் பர்ரெல் கம்பெனி. குடும்பத்துக் கொல்லுலை 1770லேயே தொடங்கியது. நீராவி இழுவை எஞ்சின், நீராவி ஏர், அப்புறம் திருவிழா ராட்டினங்களுக்கு மின்சாரமும் கொடுத்து வண்டிகளையும் இழுக்கும் அலங்கார எஞ்சின். முறுக்கிய பித்தளைத் தூண்களும் வண்ணப் பூச்சுமாக, தேர் மாதிரி இருக்கும். உலகம் பூராவும் போனது. 1928இல் ஆலை மூடிவிட்டார்கள். எஞ்சின்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கூடமாக இருந்த கட்டடம்தான் இன்று அருங்காட்சியகம். அந்தத் தூண்களைத் துடைத்தவர்கள், கோடு போட்டவர்கள் பெயர் எதுவும் சிலையில் இல்லை, ஆனால் ஊரில் பாதிக் குடும்பம் அவர்கள் சம்பளத்தில்தான் சாப்பிட்டிருக்கும்.

அவர் மூடியவுடன் ஊர் சுருங்கியது. 1950களின் கடைசியில் லண்டனோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே இடமில்லாத குடும்பங்களை இங்கே குடியேற்றினார்கள். ஊர் சில வருடத்தில் இரண்டு மூன்று மடங்கானது. அவர்களையும் முதலில் "வந்தவர்கள்" என்றுதான் சொன்னார்களாம். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் எங்களுக்கு வழி சொல்கிறார்கள்.

மார்ச் 13

மேலே "அவர் மூடியவுடன்" என்று எழுதியிருக்கிறேன். மூடியது கம்பெனி, சார்லஸ் பர்ரெல் அதற்கு ரொம்ப முன்பே காலமாகிவிட்டார்.

மார்ச் 14

கேட்டவரே, ரயில் நேரம் எழுதியிருக்கிறீர்கள், மூன்று மணி நேரம் இருக்கிறது என்கிறீர்கள். போதும். ஸ்டேஷனிலிருந்து ஒயிட் ஹார்ட் தெரு பத்து நிமிட நடை. முதலில் ஏன்ஷென்ட் ஹவுஸ், உத்தரத்தைப் பாருங்கள். அதே தெருவில்தான் பெய்ன் பிறந்ததாகச் சொல்லும் இடமும் இருக்கிறது. பிறகு கிங் தெரு, பிறகு ஆற்றங்கரை. எல்வெடனுக்கு பஸ்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம். அது சனிக்கிழமைதானே, எனக்கு லீவு. காரில் கூட்டிப் போகிறேன், மகளும் வருவாள், மின்ஸ் கதையை அவளே சொல்லட்டும். ஸ்டேஷன் வாசலில் சிவப்பு ஃபோர்டு காரில் இருப்போம். குடை கொண்டு வாருங்கள்.